லாரிக்கு வரும் சம்மனை யார் கட்டுவது? மோசடிக்கு இடம் கொடுக்காத வழி எது?

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, சிங்கப்பூரின் ஜூரோங் பக்கத்துத் தங்குவிடுதியில் படுத்திருந்த எங்கள் லாரி ஓட்டுநர் தம்பி ஒருவருக்கு ஒரு செய்தி வந்தது. வாகனத்துக்கு மின்னியல் சாலைக் கட்டணம் 8 வெள்ளி 40 காசு பாக்கியாம். நள்ளிரவுக்குள் கட்டாவிட்டால் உரிமத்தை முடக்கிவிடுவார்களாம். கீழே ஓர் இணைப்பு. பக்கத்தைத் திறந்தால் அரசாங்கச் சின்னமெல்லாம் அச்சு அசலாக இருந்திருக்கிறது.

தம்பி தன் வங்கி அட்டை எண்ணைப் போட்டார். ஓடிபி வந்தது. அதையும் போட்டார். அந்த ஓடிபியோடு வந்த ஆங்கில வரியை யாராவது படித்துச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருடைய அட்டையை வேறொருவர் கைப்பேசியின் பணப்பையில் சேர்ப்பதற்கான ஓடிபி அது. முக்கால் மணி நேரத்துக்குள் எங்கோ ஒரு கடையில் இரண்டு முறை தட்டி 780 வெள்ளியை எடுத்துவிட்டார்கள்.

என்னிடம் அவர் சொன்னது செவ்வாய்க்கிழமை. “ஏன் தம்பி, அன்னைக்கே ஒரு போன் பண்ணக் கூடாதா?” என்றேன். “சொன்னா சம்மனை என் பேர்ல எழுதிருவீங்கன்னு பயந்துட்டேன்க்கா” என்றார்.

எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘சம்மன் விழுந்தால் ஓட்டுநரே பொறுப்பு.’ அதை ஒட்டியவள் நான்தான்.

காக்கி புக்கிட்டில் கட்டுமானப் பொருள் ஏற்றும் சின்ன நிறுவனத்தில் கணக்கும் வாகனப் பொறுப்பும் பார்க்கிறேன். 9 லாரி, 2 வேன், 14 ஓட்டுநர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இதே தொழிலில் இருக்கும் பலரிடம் பேசினேன். எல்லாரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஓட்டுநரே கட்டட்டுமா, ஆபீஸில் ஒருவர் மொத்தமாகப் பார்க்கட்டுமா, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும் ஜைரோவில் போட்டுவிடலாமா, இல்லை லாரியையே லீஸுக்கு எடுத்துத் தலைவலியை அடுத்தவரிடம் தள்ளிவிடலாமா? 2024இல் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாகி, குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி பறிபோன பிறகு, இதை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட முடியவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் கேட்டுப் பார்த்தேன்.

பணம் கட்டும் அதிகாரம் எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறது? வேலை எங்கே தொடங்குகிறது, வந்த இணைப்பிலா, நாமே போய்த் திறந்த பக்கத்திலா? தவறு நடந்தால் அதிகபட்சம் எவ்வளவு போகும்? நடந்த தவறு எத்தனை மணி நேரத்தில் நமக்குத் தெரியவரும்? கடைசியாக, கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவு என்ன?

இதில் நான்காவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். முதல் அரை மணியில் வங்கியை அழைத்தால் அட்டையை முடக்கலாம், சில நேரம் பணத்தையும் நிறுத்தலாம். செவ்வாய்க்கிழமை அழைத்தால் ‘புகார் பதிவாகிவிட்டது’ என்ற பதில்தான் கிடைக்கும்.

## முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்

‘சம்மன்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. சாலை வரி, வாகனப் பரிசோதனை, மின்னியல் சாலைக் கட்டணப் பாக்கி, கார்நிறுத்த அபராதம் எல்லாம் வாகனத்தோடு போகிறவை. பதிவு கம்பெனி பெயரில் இருந்தால் கம்பெனிக்கே வரும். வேகம், சிவப்பு விளக்கு, இருக்கை வார் போன்றவை ஓட்டியவரின் தலையில் விழுபவை. போக்குவரத்துப் போலிஸ் முதலில் கம்பெனியிடம் ‘அன்று ஓட்டியவர் யார்?’ என்று கேட்கும். நாம் பெயரைக் கொடுத்த பிறகு அபராதமும் குற்றப்புள்ளிகளும் அவர் பெயருக்குப் போகும். 24 மாதங்களில் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாகப் பறிபோகும்.

இதைப் பிரிக்காமல் ‘எல்லாம் ஆபீஸே கட்டும்’ என்றோ ‘எல்லாம் ஓட்டுநரே கட்டுவார்’ என்றோ விதி போட்டால் இரண்டுமே ஓட்டையாகிவிடும். எந்த நாளில் எந்த லாரியை யார் ஓட்டினார் என்ற பதிவேடு இல்லாத கம்பெனி, கீழே உள்ள நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தடுமாறும். எங்களிடம் ஒரு சாதாரண நோட்டு இருக்கிறது. சாவி எடுக்கும்போது கையெழுத்து, திருப்பித் தரும்போது கையெழுத்து.

இன்னொன்று. ‘நம்ம லாரி நம்பர், கம்பெனி பேரு எல்லாம் சரியா இருந்துச்சே, அப்ப உண்மையாத்தானே இருக்கும்?’ என்று ஓட்டுநர்கள் கேட்பார்கள். லாரிக் கதவில் கம்பெனி பெயரையும் தொலைபேசி எண்ணையும் நாமேதான் எழுதி வைத்திருக்கிறோம். நம்பர் பலகை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. கம்பெனியின் பதிவு எண்ணையும் முகவரியையும் அரசாங்கத்தின் நிறுவனப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் யார் வேண்டுமானாலும் தேடலாம். 2024 டிசம்பரில் அந்தத் தளத்தில் சில நாள்களுக்கு முழு அடையாள அட்டை எண்களே தெரிந்து பெரிய சர்ச்சையானது நினைவிருக்கும். ஆகவே நம்மைப் பற்றிய விவரம் தெரிந்திருப்பது எதற்கும் ஆதாரம் ஆகாது.

சாலை வரி விஷயத்தில் ஓட்டுநர் இன்னும் பாவம். 2017 பிப்ரவரி 15 முதல் கண்ணாடியில் வரி வில்லை ஒட்டத் தேவையில்லை. அதற்கு முன்பு ‘உங்கள் சாலை வரி காலாவதியாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நிமிர்ந்து வில்லையைப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு நிமிர்ந்து பார்க்க எதுவுமே இல்லை.

## வழி 1: ஓட்டுநரே கட்டிவிட்டு, பிறகு கம்பெனியிடம் வாங்கிக்கொள்வது

நம் ஆள்கள் நடத்தும் சிறு நிறுவனங்களில் அதிகம் பார்ப்பது இதுதான். யாருக்கும் கூடுதல் வேலை இல்லை. ரசீதைக் கொடு, சம்பளத்தோடு வாங்கிக்கொள்.

ஐந்து கேள்விகளையும் இதில் போட்டுப் பாருங்கள். 14 ஓட்டுநர் என்றால் 14 கைப்பேசி, 14 சொந்த வங்கி அட்டை. வேலை தொடங்குவது பெரும்பாலும் வந்த செய்தியிலிருந்துதான், ஏனென்றால் கம்பெனி வாகனத்தின் கணக்கை ஓட்டுநரால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. போகும் தொகை கம்பெனிக்குச் சிறிது, அவருக்கு அரை மாதச் சம்பளம். தவறு எப்போது தெரியவரும்? அவர் சொன்னால்தான்.

மறைந்திருக்கும் செலவுகளும் இதில்தான் அதிகம். போலிப் பக்கங்கள் ரசீதும் கொடுக்கும், நல்ல அழகான ரசீது. அதை நம்பி நாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோப்பில் போட்டு மூடிவிடுவோம். உண்மையான பாக்கி இருந்தால் அது அப்படியே இருந்து, அபராதத்தின் மேல் அபராதமாக வரும்.

‘நட்டத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்’ என்று நினைக்கும் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. வேலை நியமனச் சட்டப்படி நினைத்தபடி பிடிக்க முடியாது. சேதம், பண இழப்பு என்று பிடிப்பதானால் தொழிலாளி தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பிடிப்பார்கள் என்ற பயம் ஒன்றே போதும், ஓட்டுநர் வாயைத் திறக்க மாட்டார். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அதுதான். சின்னத் தொகையைக் கேட்பதன் சூட்சுமமே இது. 8 வெள்ளிக்குப் போய் முதலாளியிடம் திட்டு வாங்குவானேன், நாமே கட்டிவிடுவோம் என்று ஓட்டுநர் நினைக்க வேண்டும்.

எப்போது சரிவரும்: ஒன்றிரண்டு வண்டி வைத்து, முதலாளியே ஓட்டுநராகவும் இருக்கும் தொழிலில். அங்கே மறைப்பதற்கு ஆள் இல்லை.

## வழி 2: அலுவலகத்தில் ஒருவர் மொத்தமாகப் பார்ப்பது

இப்போது நான் செய்வது இது. திங்களும் வியாழனும் காலை 10 மணிக்கு உட்காருவேன். உலாவியில் சேமித்து வைத்திருக்கும் முகவரியிலிருந்து, அரசாங்கத்தின் வாகனச் சேவைத் தளமான ஒன்மோட்டரிங்கைத் திறந்து, கம்பெனி கணக்கில் நுழைந்து, ஒவ்வொரு வண்டியாகச் சாலை வரித் தேதியையும் பாக்கியையும் பார்ப்பேன். பிறகு போலிஸ் தளம், கார்நிறுத்த அபராதம். தேடுபொறியில் பெயரைத் தட்டித் திறப்பதில்லை. விளம்பரமாக முதலில் வருவது எந்தக் குகையில் கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது.

ஓட்டுநருக்குச் செய்தி வந்தால் அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவது. நானும் அந்த இணைப்பைத் தொட மாட்டேன். நான் சேமித்து வைத்திருக்கும் தளத்தில் போய்ப் பார்ப்பேன். பாக்கி இருந்தால் அங்கே தெரியும். இல்லாவிட்டால் செய்தி பொய். இதற்கு மோசடி பற்றிய பெரிய அறிவு எதுவும் வேண்டாம், எழுத்துப் பிழை இருக்கிறதா, சின்னம் சரியா என்றெல்லாம் துப்பறிய வேண்டாம். இந்த எளிமைதான் இந்த வழியின் பெரிய பலம்.

பணம் கட்டுவதில் இரண்டு பேர். நான் தொகையைப் போடுவேன், முதலாளி தன் கைப்பேசியில் ஒப்புதல் தர வேண்டும். கம்பெனி வங்கிக் கணக்குகளில் இப்படி அமைத்துக்கொள்ள முடியும். பல சிறு நிறுவனங்களில் இரண்டு அதிகாரத்தையும் ஒருவரிடமே கொடுத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

சரி, செலவு? 11 வண்டிக்கு வாரம் இரண்டு மணி நேரம். அது கணக்கில் தெரியும். தெரியாதவை மூன்று.

ஒன்று, அந்த ஒருவர் விடுப்பில் போனால் எல்லாம் நின்றுவிடும். தீபாவளிக்கு நான் ஊருக்குப் போன இரண்டு வாரமும் ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது இன்னொருவருக்கும் கார்ப்பாஸில் (கம்பெனி சார்பில் அரசாங்கச் சேவைகளைப் பயன்படுத்தும் அனுமதி முறை) அனுமதி கொடுத்து வைத்திருக்கிறோம்.

இரண்டு, வேட்டைக்காரனின் குறி 14 பேரிலிருந்து ஒருவர்மேல் குவிகிறது. 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனிச் சேவைகளுக்கும் சொந்த சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளில் நுழைவதற்கான தனிநபர் மின்னியல் அடையாளம்) வழியாகத்தான் நுழைகிறோம். அதாவது என் கைப்பேசியில் உள்ள சிங்பாஸ்தான் கம்பெனிக்கும் சாவி. மாமியார் வீட்டுத் தொலைக்காட்சிச் சந்தாவுக்கென்று எங்கேயோ ஒரு போலிப் பக்கத்தில் நான் ஏமாந்தால், 11 வண்டியின் கதவும் சேர்ந்து திறக்கும்.

மூன்று, முதலாளி வேடம். ‘நான் கூட்டத்தில் இருக்கிறேன், இந்தச் சாலை வரியை உடனே இந்தக் கணக்குக்கு அனுப்பு’ என்று வாட்ஸ்அப்பில் அவர் படத்தோடு வரும். 2025 மார்ச்சில் சிங்கப்பூரில் ஒரு நிதி இயக்குநர், செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய மேலதிகாரிகளோடு ஸூம் கூட்டத்தில் பேசி, 499,000 அமெரிக்க டாலருக்கு மேல் அனுப்பிவிட்டார். சிங்கப்பூர், ஹாங்காங் போலிஸார் சேர்ந்து அதை மீட்டார்கள். அவருக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்? எங்கள் ஏற்பாடு இதுதான்: பணம் பற்றி வாட்ஸ்அப்பில் என்ன வந்தாலும், நானே அவர் எண்ணை அழைத்து, குரலைக் கேட்டு, ‘பாஸ், காலையில என்ன சாப்பிட்டீங்க?’ என்பது போல ஏதாவது ஒன்றைக் கேட்பேன். முதலில் எரிச்சல்பட்டார். இப்போது அவரே எடுத்தவுடன் “தோசை” என்கிறார்.

எப்போது சரிவரும்: ஐந்து முதல் முப்பது வண்டி வரை, அலுவலகத்தில் நம்பிக்கையான இரண்டு பேராவது இருந்தால். வேக அபராதம் போல ஓட்டுநரின் பெயரில் வருவதற்கும் இது பொருந்தும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவர் அலுவலகத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சிங்பாஸில் தானே நுழைய வேண்டும். வசதிக்காக ஓட்டுநர்களின் சிங்பாஸ் கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைத்திருக்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டு ஒன்று போதும், ஒரு கம்பெனியையே கவிழ்க்க.

## வழி 3: ஜைரோவும் ஒரு சின்னத் தனிக் கணக்கும்

சாலை வரியை ஜைரோவில் போட்டுவிட்டால், கெடு வரும்போது வங்கியே பிடித்துக்கொள்ளும். கூடவே, வாகனச் செலவுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு. அதில் ஒரு மாதத்துக்கு வேண்டியது மட்டும் இருக்கும். என்ன நடந்தாலும் போவது அந்த அளவுதான்.

இதன் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர்களிடம் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ‘சாலை வரி கட்டு என்று எந்தச் செய்தி வந்தாலும் அது பொய்.’ சில நேரம், சந்தேகம் இருந்தால் என்ற இழுவையெல்லாம் வேண்டாம். இவ்வளவு தெளிவான விதியை முதல் இரண்டு வழிகளிலும் சொல்ல முடியாது.

குறை என்னவென்றால், ஜைரோ போட்டதும் நாம் மறந்துவிடுவோம். காப்புறுதி புதுப்பிக்கப்படாமலோ பரிசோதனை முடியாமலோ இருந்தால் வரி பிடிபடாது. கணக்கில் பணம் குறைந்தாலும் பிடிபடாது. தாமதக் கட்டணம் ஏறும், வண்டி செல்லுபடியான வரி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். லாரிகளுக்குப் பரிசோதனை அடிக்கடி வரும் என்பதால் இது கார்களைவிட நமக்குத்தான் அதிகம் நடக்கும். அபராதங்களை இந்த வழி தொடவே தொடாது. தனிக் கணக்கில் இருப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால் வங்கி மாதக் கட்டணம் பிடிக்கும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது சரிவரும்: எல்லாக் கம்பெனிக்கும், ஆனால் தனியாக இல்லை. வழி 2க்குத் துணையாக.

## வழி 4: லீஸுக்கு எடுப்பது

வண்டி லீஸ் கம்பெனியின் பெயரில் இருக்கும். சாலை வரி, பரிசோதனை, பெரும்பாலும் காப்புறுதி எல்லாம் அவர்கள் பாடு. அபராத அறிவிப்பும் அவர்களுக்கே போகும். அவர்கள் நம் பெயரைக் கொடுப்பார்கள், நாம் ஓட்டுநரின் பெயரைக் கொடுப்போம். ‘வாகன உரிமையாளரே, வரி கட்டுங்கள்’ என்று வரும் செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடலாம்.

ஆனால் மோசடி வேறு வாசலில் வந்து நிற்கும். ஒவ்வொரு மாதமும் நீங்கள் பெரிய தொகையை ஒரே கம்பெனிக்கு அனுப்புகிறீர்கள் என்பது மின்னஞ்சலைத் திருடிப் படிப்பவனுக்குத் தெரியும். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று அதே தலைப்புத் தாளில், அதே நபரின் பெயரில் ஒரு கடிதம் வரும். 8 வெள்ளியாக இருந்த பிரச்சினை பல ஆயிரம் ஆகிவிடும். கணக்கு எண் மாறினால், ஒப்பந்தத்தில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்துக் கேட்காமல் ஒரு காசு அனுப்பாதீர்கள். மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைத்தால் திருடனே எடுத்து ‘ஆமாம்’ என்பான்.

மற்ற செலவுகள்: அபராத அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் நிர்வாகக் கட்டணம், ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் இழப்பீடு, அறிவிப்பு இரண்டு கை மாறி வருவதால் தாமதம். வேக அபராதம் என்னவோ அதே ஓட்டுநர் தலையில்தான், அதனால் அவர் பயமும் அப்படியே இருக்கும்.

எப்போது சரிவரும்: புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு, ஒரு குத்தகை வேலைக்காக ஓராண்டு மட்டும் வண்டி தேவைப்படுபவர்களுக்கு. மோசடிக்குப் பயந்து மட்டும் இதற்குப் போவது கொசுவுக்குப் பயந்து வீட்டை விற்பது போல.

## ஒரே பார்வையில்

| | ஓட்டுநரே கட்டுவது | அலுவலகத்தில் ஒருவர் | ஜைரோ, தனிக் கணக்கு | லீஸ் |
|---|---|---|---|---|
| பணம் கட்டும் கைகள் | எத்தனை ஓட்டுநரோ அத்தனை | இரண்டு | வங்கி, மேலே ஒருவர் | கணக்குப் பிரிவு |
| வேலை தொடங்கும் இடம் | வந்த செய்தி | நாமே திறந்த பக்கம் | வங்கி ஏற்பாடு | வந்த விலைப்பட்டியல் |
| அதிகபட்ச இழப்பு | ஓட்டுநரின் சேமிப்பு | இரண்டாம் ஆள் அசந்தால் பெரிது | தனிக் கணக்கின் இருப்பு | ஒரு மாத வாடகை, சில நேரம் அதற்கு மேல் |
| தவறு தெரிய ஆகும் நேரம் | அவர் சொல்லும்வரை | அன்றே, அதிகம் போனால் நான்கு நாள் | வங்கி அறிவிப்பு வந்ததும் | உண்மையான கம்பெனி ‘பணம் வரவில்லை’ என்று கேட்கும்வரை |
| தெரியாத செலவு | போலி ரசீது, பயம் | விடுப்பு, முதலாளி வேடம் | வரி பிடிபடாமல் போவது | நிர்வாகக் கட்டணம், ஒப்பந்த முறிவு |

## கூடச் சேர்த்துக்கொள்பவை

மோசடியைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்டு செயலியை எல்லா ஓட்டுநர் கைப்பேசியிலும் போட்டுவிடுங்கள். இலவசம். சந்தேகமான செய்தியை அதிலேயே சோதிக்கலாம், 1799 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்தி ‘கவ் டாட் எஸ்ஜி’ (gov.sg) என்ற ஒரே பெயரில்தான் வரும். பதிவு செய்யாத பெயரில் வந்தால் ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற முத்திரை விழும். இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஐமெசேஜ், வாட்ஸ்அப் போன்றவற்றில் வருவது அந்தப் பதிவேட்டு வழியில் வருவதில்லை. எங்கள் தம்பிக்கு வந்ததும் அப்படித்தான்.

காப்புறுதி பற்றிக் கேட்பவர்களுக்கு: ‘தானே தகவலைக் கொடுத்து ஏமாந்தால்’ என்ற விலக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

வங்கி ஈடு செய்யும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். மோசடி இழப்பை யார் ஏற்பது என்று வகுக்கும், 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் உள்ள பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பு தனிநபர், தனியுரிமைத் தொழில் கணக்குகளுக்கானது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கணக்கு அதற்குள் வராது.

ஜொகூருக்குப் போகும் கம்பெனி கார் இருந்தால், 2025 ஜூலை 1 முதல் வாகன நுழைவு அனுமதி இல்லாமல் பிடிபட்டால் 300 ரிங்கிட் அபராதம். அந்த அவசரத்தைப் பயன்படுத்தி ‘நாங்கள் எடுத்துத் தருகிறோம்’ என்று எத்தனையோ பக்கங்கள். மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையின் சொந்தத் தளத்தில் அந்த அனுமதி வில்லைக்குக் கட்டணம் 10 ரிங்கிட்தான். நூறு, இருநூறு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

## உரிமம்: இதில் வழி ஒன்றுதான்

‘பரீட்சை இல்லாமல் சிங்கப்பூர் லைசென்ஸ்’ என்று தமிழிலேயே விளம்பரம் வருகிறது. குறிவைப்பது புதிதாக வந்த தம்பிகளை. ஊர் லைசென்ஸை மாற்ற வேண்டும், அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுத வேண்டும், அதற்குள் முதலாளி அவசரப்படுத்துகிறார். ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்தால் அட்டை கையில். அந்த அட்டை பார்க்க அசலாகத்தான் இருக்கும்.

உரிமம் இல்லாமல் ஓட்டினால் முதல்முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்ட விட்ட முதலாளியையும் சட்டம் அதே கண்ணோடுதான் பார்க்கிறது. விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிரிக்கும்.

வேலைக்கு எடுக்கும்போது உரிமத்தின் நகலை வாங்கிக் கோப்பில் வைப்பது ஒரு வழி. எதிரே உட்கார வைத்து, அவர் சிங்பாஸ் செயலியிலேயே உரிமத்தைத் திறந்து காட்டச் சொல்வது இன்னொரு வழி. இரண்டாவதற்கு ஒரு நிமிடம் ஆகும், காசு ஆகாது. நகல் மட்டும் வாங்குகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்கிறோம். புள்ளி சேர்ந்து உரிமம் முடங்கியவர் அதைத் தானாக வந்து சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

## நாங்கள் எடுத்த முடிவு

வழி 2, அதற்குத் துணையாக வழி 3. சாலை வரி ஜைரோவில், மற்றதெல்லாம் என் மேசையில், ஒப்புதல் முதலாளியிடம். ஓட்டுநர் தனியாகக் கட்டும் வேலையே இல்லை.

ஆனால் இதைவிட அதிகம் வாதாடியது வேறு ஒன்றுக்காக. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்ட வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். சரக்கு இறக்கும் இடத்தில் விழும் கார்நிறுத்த அபராதமும் மின்னியல் கட்டணப் பாக்கியும் கம்பெனி பொறுப்பு. வேகமும் சிவப்பு விளக்கும் ஓட்டியவர் பொறுப்பு. மோசடியில் சிக்கினால், ஒரு மணி நேரத்துக்குள் சொன்னவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. ‘அப்படிச் சொன்னால் எல்லாரும் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்துவார்கள்’ என்றார். மூன்று மாதம் பார்ப்போம் என்றேன். கார்நிறுத்த அபராதம் கூடவில்லை. தம்பி இழந்த 780இல் பாதியை முதலாளியே கொடுத்தார், அதுவும் நான் கேட்காமல்.

புதுத் தாள் தமிழிலும் வங்காளத்திலும் இருக்கிறது, லாரியின் வெயில் மறைப்பில் ஒன்று, தங்குவிடுதிக் கட்டிலுக்கு ஒன்று. மூன்றே வரி: இணைப்பைத் தொடாதே. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பு. பணம் போய்விட்டால் முதலில் வங்கி, அடுத்து அக்கா, எத்தனை மணியானாலும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை 6 மணிக்கு அதே தம்பி அழைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அக்கா, செய்தி ஒண்ணும் வரல. பிஐஇ விரைவுச்சாலைல கேமரா ஃபிளாஷ் அடிச்ச மாதிரி இருந்துச்சு. முன்னாடியே சொல்லிடலாம்னு.”

கடிதம் பின்னால்தான் அலுவலகத்துக்கு வந்தது. போலிஸ் தளத்தில் போய்ப் பார்த்தேன், உண்மைதான். நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே அவர் கையெழுத்தும் இருந்தது. பெயரைக் கொடுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

“எவ்ளோ பாயிண்ட் போகும்க்கா?” என்றார். 2026 ஜனவரியிலிருந்து வேகத்துக்குப் புள்ளியும் அபராதமும் கூடிவிட்டன என்பது அவருக்கும் தெரியும்.

“வா, உன் சிங்பாஸ்ல நீயே திறந்து பாரு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.